வாடகைச் சீட்டு யார் பேரில்?

கல்யாணங்கள் சொர்க்கத்தில் நிச்சயமாகின்றன என்று பெரியோர்கள் சொல்வதுண்டு. வாடகைப் பத்திரங்கள் மட்டும் டைப் அடிக்கும் கடையிலேதான் நிச்சயமாகின்றன. கல்யாணப் பத்திரிகையை எழுத்தெழுத்தாகப் படித்து, பெரியப்பா பெயருக்கு முன்னால் 'ஸ்ரீமான்' விட்டுப்போயிற்று என்று சண்டைக்குப் போகிற நம்மவர்கள், வாடகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கடைக்காரர் யாரோ ஒருவருடைய பழைய பத்திரத்தில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கொடுக்கிறார். நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போய்விடுகிறோம்.

அந்தப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் படிக்கவேண்டிய நாள் சில குடும்பங்களுக்கு வந்துவிடுகிறது. புருஷனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று தீர்மானமாகிவிட்ட நாள் அது. நகை யாருக்கு, குழந்தை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு என்று இரு தரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசுகிறார்கள். அடுத்த மாதம் 5-ந் தேதி வாடகையை யார் கொடுப்பது என்று மாத்திரம் எவரும் பேசுவதில்லை. 5-ந் தேதியோ தவறாமல் வந்துவிடுகிறது.

குடும்பங்களில் படிக்கிற பத்திரிகையில் இது என்ன பேச்சு என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். விவாகரத்துக்குப் பரிந்து பேசுவது நமது நோக்கமல்ல. யார் பக்கம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லவும் நாம் வரவில்லை. ஆனால் இது நேற்று முளைத்த சங்கதியும் அல்ல. மனைவி தனியாக வசிப்பதற்கும் ஜீவனாம்சம் பெறுவதற்கும் உள்ள உரிமையை ஒப்புக்கொண்டு 1946-லேயே, அதாவது சுயராஜ்யம் வருவதற்கு முந்திய வருஷத்திலேயே, ஹிந்து ஸ்திரீகளுக்காக ஒரு சட்டம் செய்தார்கள். 1949-ல் சென்னை மாகாணம் ஹிந்துக்களின் விவாகரத்துக்குத் தனிச் சட்டம் செய்தது. வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நமது மாகாணத்துக்கு வந்ததும் அதே காலத்தில்தான். ஆகவே பிரிகிற தம்பதிகளும் வாடகை வீடும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சட்டப் புத்தகத்துக்குள் பிரவேசித்தார்கள். ஆனாலும் இன்றளவும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை!

எப்படி என்று சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் இப்போது அமுலில் இருக்கும் வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-ம் வருஷத்துப் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அன்றோடு விடை கொடுத்தாயிற்று. குடித்தனத்துக்கு எழுத்து மூலம் பத்திரம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் புதுச் சட்டம் விதிக்கிறது. அதிலே ஒரு விதி: குடித்தனக்காரர் காலமாகிவிட்டால், பத்திரத்தில் மிச்சமிருக்கும் காலத்துக்கு அவருடைய உரிமை அவருடன் வசித்துவந்த குடும்பத்தாருக்குச் சேரும். அந்த வரிசையில் முதலில் நிற்பது மனைவி அல்லது கணவன். நல்லது. குடித்தனக்காரர் காலமாகவில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உள்ளே இருக்கும் மனைவிக்கு என்ன உரிமை? அதைப் பற்றி வாடகைச் சட்டம் வாயைத் திறக்கவில்லை. கணவனை இழந்தவளுக்கு உள்ள பாதுகாப்புக்கூட, கணவனால் கைவிடப்பட்டவளுக்கு அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் 1967-லேயே இதற்கு ஒரு வழி செய்துவிட்டார்கள். போய்விட்ட கணவனுக்குப் பதிலாக வீட்டில் இருக்கும் மனைவி வாடகை கொடுத்தால், கணவனே கொடுத்ததாகப் பாவித்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று சட்டம் எழுதினார்கள். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டாத காரியங்கள் எத்தனையோ உண்டு. இது ஒன்றைக் கற்றுக்கொண்டால் குடி முழுகிவிடாது.

வாடகைச் சட்டம் மௌனம் சாதித்தாலும் வேறு ஒரு சட்டம் பேசுகிறது. அதை நமது சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டியது அவசியம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான சட்டம் இது. பெயரைப் பார்த்துவிட்டு, அடிதடி நடக்கும் வீடுகளுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். வாயால் செய்யும் கொடுமையும், செலவுக்குப் பணம் கொடாமல் தவிக்க விடுவதும், இருக்கும் வீட்டில் இருக்கவொட்டாமல் செய்வதும் அதில் சேர்ந்தவையே. இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடு சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும், பத்திரம் யார் பேரில் இருந்தாலும், அங்கே வசிக்க மனைவிக்கு உரிமை உண்டு என்று அச்சட்டம் சொல்கிறது. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் கணவன் அவளை வெளியேற்ற முடியாது.

அது மட்டுமல்ல. கொடுமைக்கு ஆளான மனைவி மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்துகொண்டால் அவர் பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகளில் இரண்டு, வாடகைக் குடித்தனக்காரர்களுக்கென்றே ஏற்பட்டவை போல் இருக்கின்றன. கோர்ட்டாரின் அனுமதி இல்லாமல் கணவன் அந்த வீட்டில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தடுக்கலாம். அதாவது, "நான் காலி செய்துவிட்டேன், பத்திரத்தை ரத்துச் செய்துகொள்ளுங்கள்" என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கணவன் கம்பி நீட்ட முடியாது. அல்லது, அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லாவிட்டால் அதற்கு உண்டான வாடகையைக் கொடு என்று உத்தரவிடலாம். இருவருடைய வருமானத்தையும் தேவையையும் பார்த்து, வாடகைப் பொறுப்பைக் கணவன்மீது சுமத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகவேண்டுமே என்றால், வாஸ்தவந்தான். கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கக்கூடியவற்றைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன், போன ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

பெங்களூரில் ஒரு வாடகை வீடு. குடித்தனக்காரர் கணவர். அவர் மனைவியை விட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். கணவருக்கு வழக்கில் சிரத்தை இல்லை. உள்ளே இருந்த மனைவி, "நான் எதிர்வாதம் செய்கிறேன்" என்று முன்வந்தார். குடித்தனக்காரர் நீர் அல்லவே, உமக்கு என்ன பாத்தியதை என்பது கேள்வி. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்று, 2005 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். கைவிடப்பட்ட மனைவி அந்த வீட்டில் இருக்க உரிமையுடையவள். கணவன் வழக்கைக் கைவிட்டால் அவள் தானே நின்று வாதாடலாம். ஆனால் கணவன் என்னென்ன சொல்லியிருக்கக் கூடுமோ அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொல்ல முடியாது. இவ்வாறு ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த அம்மாள் மட்டும் அதன் வழியாக உள்ளே போக முடியவில்லை! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இருவர் சம்மதத்தின் பேரில் அவர்களுக்கு விவாகரத்து ஆகியிருந்தது. அந்த ஏற்பாட்டில் வீட்டைப் பற்றிய பேச்சு இருந்ததாகக் கோர்ட்டாருக்குக் காட்டப்படவில்லை. மனைவி என்ற ஸ்தானம் போனவுடன் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் போயிற்று என்று தீர்ப்பாகிவிட்டது. தாமே தோற்று, நாட்டிலுள்ள மற்ற ஸ்திரீகளுக்கெல்லாம் ஜெயித்துக் கொடுத்தார் அந்த அம்மாள்.

சம்மதப் பத்திரத்தில் வீட்டைப் பற்றி நாலு வரி சேர்க்க வக்கீல் தனியாகப் பீஸ் கேட்கப் போவதில்லை. "இந்த வீட்டில் இன்ன தேதி வரையில் மனைவி வசிப்பாள், வாடகையை இன்னார் கொடுப்பார், அட்வான்ஸ் இன்னாருக்குச் சேரும்" என்று எழுதியிருந்தால் அந்தப் பெங்களூர் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கலாம்.

இன்னொரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். ஹிந்து விவாகச் சட்டத்தின்படி இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றாலும், மனுப் போடுவதற்கு முன் 1 வருஷம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு 6 மாதம் பொறுக்க வேண்டும். (இந்த 6 மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் கோர்ட்டார் தள்ளிவிடலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.) வாடகைப் பத்திரத்துக்கோ பெரும்பாலும் ஆயுள் 11 மாதம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்துக்குப் பயந்து நமது முன்னோர் கண்டுபிடித்த எண் இந்த 11. ஆகவே விவாகம் முறிவதற்கு வெகு நாள் முன்பாகவே வாடகைப் பத்திரம் முடிந்துபோகிறது. புதுப்பிக்க வேண்டிய கணவன் ஊரில் இல்லை. இருக்கிற மனைவியின் பெயர் பத்திரத்தில் இல்லை. வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அம்மா, அக்ரிமெண்ட் முடிந்துவிட்டதே, ஐயா எப்போது வருவார்?" என்று கேட்கிறார். அந்த அம்மாள் என்ன பதில் சொல்லுவாள்? அக்கம் பக்கத்தாரிடம்கூட அவள் இன்னும் விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டாள். "டூர் போயிருக்கிறார்" என்றுதான் சொல்லியிருப்பாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறவர்கள் நமது பட்டணத்தில் எத்தனை பேர் என்பதை வீட்டுத் தரகர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகையால் இருக்கும் வீட்டையும் விட்டால் அவளுக்கு வேறு வீடு கிடைப்பது எளிதல்ல. குழந்தையின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருக்கிறதென்றால் கேட்க வேண்டியதில்லை.

நிற்க. அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். மெய்யான பணம் இருப்பது இங்கேதான். 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் நெடுநாளைய வழக்கம். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இப்போதைய சட்டம் சொன்னாலும், 'வேறு விதமான ஒப்பந்தம்' செய்துகொள்வதில் நம்மவர்கள் சமர்த்தர்கள். வாடகை ரூ.18,000 என்று கொண்டால், பழைய வழக்கப்படி அட்வான்ஸ் ரூ.1,80,000. புதுக் குடித்தனம் வைக்கும்போது இதைக் கொடுத்தவர் யார்? பல வீடுகளில் பெண்ணின் தகப்பனார். ரசீது யார் பேரில்? மாப்பிள்ளை பேரில். பிரிவு வந்தபின் மாப்பிள்ளை வாடகையை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதிவிடுகிறார். உள்ளே இருக்கும் மனைவிக்கு இது தெரியாது. வாடகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். பத்து மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது, தகப்பனார் கொடுத்த பணம் முழுவதும் கரைந்துபோயிருக்கிறது. இதில் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரசீது வைத்திருக்கிறவர் சொல்லை அவர் கேட்டார்.

ஆகவே முதல் காரியம், பத்திரத்தில் புருஷன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். அட்வான்ஸ் கொடுத்தவர் பெயரையும் அது திரும்ப யாருக்குச் சேரவேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதட்டும். புது வீட்டில் பால் காய்ச்சும் சமயத்தில் பிரிவைப் பற்றி நினைப்பது அமங்கலம் அல்லவா என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். பாங்கிக் கணக்கில் வாரிசு பெயர் எழுதும்போது நாம் மரணத்தை நினைத்து அழுவதில்லையே! பெயர் எழுதிவைத்த காரணத்தால் எவரும் பிரிந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதன் பாரத்தையும் அறிந்திருக்க வேண்டும். இப்போது இருவரும் உத்தியோகம் பார்க்கும் வீடுகளில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் எழுந்திருக்கும் அடுக்கு மாளிகைகளில், இருவரும் கையெழுத்திடுவது அதிகமாகி வருகிறது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால் முழுத் தொகையையும் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்பது அதன் விதி. பாதி வாடகைதான் என் பங்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. முழுதும் கொடுத்துவிட்டு, மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டை விட்டுப் போனதனால் மட்டும் பொறுப்பும் போய்விடாது. வீட்டுக்காரர் ஒருவரை விடுவித்தாலும் மற்றவர் விடுபட்டவர் ஆகமாட்டார். கோபித்துக்கொண்டு தாய் வீடு போன பெண், தான் வசிக்காத வீட்டுக்கு எட்டு மாத வாடகை பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ் வந்து திகைப்பது இதனால்தான்.

அப்படியானால் பிரிகிற அன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன? ஒரு கடிதம், மூன்று கையெழுத்து: கணவர், மனைவி, வீட்டுக்காரர். இன்ன தேதி முதல் இன்னார் மட்டுமே குடித்தனக்காரர். அதுவரையிலான பாக்கி இவ்வளவு, அதைக் கொடுப்பவர் இன்னார். அட்வான்ஸில் இருப்பு இவ்வளவு, அது இன்னாருடைய கணக்கில் நிற்கிறது. போகிறவருக்கு இனிப் பொறுப்பும் இல்லை, உரிமையும் இல்லை. அவ்வளவுதான். ஏன் பிரிந்தோம், யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் வேண்டாம். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இருப்பவர் பேரில் புதுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். கணவனும் மனைவியும் தங்களுக்குள் மட்டும் எழுதிக்கொள்வது போதாது. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாத ஏற்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது. இருவருக்கும் முகம் பார்த்துப் பேச மனமில்லாவிட்டால், ஒரு மாமா அல்லது சிநேகிதர் மூன்று வீட்டுக்கும் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்வரலாம். கோர்ட்டு வாசலில் கழியக்கூடிய பல மாதங்களை இந்த ஒரு நாள் அலைச்சல் மிச்சப்படுத்தும்.

போகிறவர் கையெழுத்துப் போட மறுத்தால் இருக்கிறவர் சும்மா இருந்துவிடக் கூடாது. வீட்டுக்காரருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாடகையைத் தம்முடைய பாங்கிக் கணக்கிலிருந்தே செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சாட்சி தேடுவது மகா சங்கடம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தியோகத்திலிருந்து விலகி, மாடியில் வரும் வாடகையை நம்பிக் கீழே குடியிருக்கும் பெரியவர்கள் மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் எத்தனையோ பேர். அடுத்தவர் வீட்டுச் சண்டையால் தங்கள் மருந்துச் செலவு நின்றுபோவது அவர்களுக்கு நியாயமல்ல. ஆனால் சிலர் கணவர் சொல்லைக் கேட்டுப் பூட்டை மாற்றிவிடுகிறார்கள். சிலர் தண்ணீரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கிறார்கள். அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக் கூடாதென்று வாடகைச் சட்டமே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. "மனைவியிடம் வாடகை வாங்கினால் அவரே குடித்தனக்காரர் ஆகிவிடுவாரோ?" என்ற பயம் பலருக்கு உண்டு. பயப்பட வேண்டாம். 'இன்னாருடைய வாடகைக் கணக்கில், அவர் மனைவி கையால் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீதில் எழுதினால் போதும். பணமும் வரும், நிலைமையும் மாறாது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுக் கணவர் மட்டும் வந்தால், வீடு காலியான பிறகல்லவா அந்தப் பேச்சு என்று சொல்லி அனுப்பலாம். காலி செய்து ஒப்படைத்த பிறகு 1 மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். இருவர் பேரிலும் பத்திரம் இருந்தால் ஒருவர் கையில் மட்டும் அட்வான்ஸைக் கொடுத்துவிடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். இருவரும் எழுதிக் கொடுக்கட்டும், அல்லது கோர்ட்டு உத்தரவு வரட்டும்.

சாவியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. பெரும்பாலான வீடுகளில் வீட்டுக்காரர் இரண்டு சாவி கொடுக்கிறார். மூன்றாவது ஒன்றைக் குடித்தனக்காரரே செய்துகொள்கிறார். போகிறவர் அவற்றில் ஒன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்வது சகஜம். பாத்திரம் எடுக்க, புஸ்தகம் எடுக்க என்று சொல்லிக்கொண்டு எந்த நேரமும் உள்ளே நுழைந்துவிடுகிறார். மேலே சொன்ன கடிதத்தில் எத்தனை சாவி, யார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாமான்களை எடுத்துப் போவதற்கு ஒரு பகல் நேரத்தைக் குறித்து, இரு தரப்பிலும் ஒருவர் உடன் இருந்து, எடுத்தவற்றுக்கு ஜாபிதா எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், மறுநாள் காலையில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டு வீட்டுக்காரர் சம்மதத்துடன் பூட்டை மாற்றிக்கொள்ளலாம்.